கிங்கரியின் கேள்வி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அதுவும் செராமிக்ஸில்! நம் வகுப்பில் பாதிப் பேர் பட்டம் வாங்கிய கையோடு சாப்ட்வேருக்கு ஓடியதை நினைத்தால், அடுத்த தலைமுறையில் ஒருத்தி தானாகவே இந்தப் பக்கம் வருவது பெரிய விஷயம்தான். "டைல்ஸ் கம்பெனிக்கு எதுக்கு பிஎச்.டி.?" என்று உன் அண்ணன் கேட்டாராமே. நான் சென்னை ஏ.சி. டெக் கல்லூரியில் சேர்ந்தபோது என் பெரியப்பாவும் இதைத்தான் கேட்டார். என்ன, அவருக்கு செராமிக் என்றால் ஊறுகாய் ஜாடி.

அதை விடு. உன் கவலைதான் யோசிக்க வேண்டியது. இன்றைக்கு பேட்டரிக்குத் தேவைப்படும் பொருளை ஆராயப் போகிறாள், பத்து வருடத்தில் வேறொரு பொருள் வந்து அதை ஓரங்கட்டிவிட்டால் இவள் படிப்பு என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறாய். எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் டேவிட் கிங்கரி. மூன்றாம் வருடத்தில் நாம் முட்டி மோதிப் படித்தோமே, அந்தத் தடிப் புத்தகத்தின் ஆசிரியர். அப்போது அட்டையில் இருந்த பெயர் மட்டும்தான் நமக்குத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், நேரம் கிடைத்ததால் அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1926-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். படித்தது எம்.ஐ.டி.யில். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து எம்.ஐ.டி. 1948-ல் வேதியியலில் இளங்கலை, 1950-லேயே செராமிக்ஸில் டாக்டர் பட்டம், அப்படியே அங்கேயே ஆசிரியர் வேலை. முனைவர் ஆய்வு என்ன தெரியுமா? உலைக்குள் அடுக்கும் ரிஃப்ராக்டரியை, அதாவது வெப்பம் தாங்கும் பொருளை, பாஸ்பேட் கொண்டு எப்படிப் பிணைப்பது என்பது. உன் அண்ணன் பார்த்திருந்தால் செங்கல் ஆராய்ச்சி என்று சொல்லியிருப்பார்.

அந்தக் காலத்து செராமிக் படிப்பு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். செங்கல் ஒரு பாடம், கண்ணாடி ஒரு பாடம், பீங்கான் ஒரு பாடம், எனாமல் ஒரு பாடம். எந்தக் களிமண், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்ற கைப்பக்குவம்தான் பெரும்பகுதி. கிங்கரி வந்து அந்தத் தடுப்புச் சுவர்களை எடுத்தார். பொருள் எதுவாக இருந்தாலும், சுடும்போது உள்ளே அணுக்கள் எந்த வழியாக நகர்கின்றன, துளைகள் எப்படி மூடுகின்றன, கடைசியில் நுண்ணமைப்பு எப்படி அமைகிறது, அந்த அமைப்பு பொருளின் குணத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்று கேட்டார். 1955-ல் சின்டரிங்கின், அதாவது பொடியைச் சுட்டு ஒன்றாக ஒட்டவைப்பதன், தொடக்க நிலை, அதே ஆண்டில் வெப்ப அதிர்ச்சி, அதாவது சட்டென்று சூடு மாறினால் பொருள் வெடிப்பது, 1959-ல் கொஞ்சம் திரவம் உருவாகி நடக்கும் திரவநிலை சின்டரிங் என்று வரிசையாகக் கட்டுரைகள். எல்லாம் சேர்ந்து 1960-ல் அந்தப் புத்தகமாக வந்தது. நாம் படித்தது 1976-ல் போவன், உல்மன் இருவரும் சேர்ந்து எழுதிய இரண்டாம் பதிப்பு.

அவருடைய மாணவர் ராபர்ட் கோபிளின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். எம்.ஐ.டி.யில் முடித்துவிட்டு ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அலுமினாவை, அதாவது அலுமினிய ஆக்சைடை, எவ்வளவு சுட்டாலும் கொஞ்சம் துளை மிஞ்சும், துளைகள் ஒளியைச் சிதறடிப்பதால் பொருள் வெள்ளையாகவே இருக்கும். சில படிகங்கள் மட்டும் அளவுமீறி வளர்ந்து, அவற்றின் எல்லை துளையைத் தாண்டிப் போய்விடுவதுதான் சிக்கல். படிகத்துக்குள் மாட்டிக்கொண்ட துளை அப்புறம் வெளியே வராது. கோபிள் அதில் மிகச் சிறிதளவு மெக்னீசியா (மெக்னீசிய ஆக்சைடு) சேர்த்தார். படிக வளர்ச்சி கட்டுக்குள் வந்தது, துளைகள் வெளியேறின, ஒளி ஊடுருவும் அலுமினா கிடைத்தது. சூடான சோடியம் ஆவி சாதாரண விளக்குக் குழாயின் சிலிக்காவை அரித்துவிடும், அலுமினாவை ஒன்றும் செய்யாது. நம் ஊர் நெடுஞ்சாலைகளில் மஞ்சளாக எரிந்த சோடியம் விளக்கெல்லாம் அந்தக் குழாயால் வந்தவை.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த விளக்குகளை எல்.இ.டி. ஏறக்குறைய துரத்தியே விட்டது. நீ பயப்படுகிற அதே சம்பவம். ஆனால் துளையை வெளியேற்றும் வித்தை வழக்கொழியவில்லை. 1995-ல் ஜப்பானில் இகேசுவே என்பவர் ஒளி புகும் செராமிக்கிலேயே லேசர் செய்து காட்டினார். ஒற்றைப் படிகம் வளர்த்தால்தான் ஆகும் என்றிருந்த வேலை அது.

கிங்கரி செய்ததில் எனக்கு ஆச்சரியமானது பனிக்கட்டி ஆராய்ச்சிதான். பனிக்கட்டியும் படிகம்தானே, உருகுநிலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் படிகம் என்று சொல்லி, இரண்டு பனி உருண்டைகளைத் தொடவைத்து அவை ஒட்டும் இடத்தில் கழுத்து போன்ற இணைப்பு எப்படி வளர்கிறது என்று அளந்தார். உலைக்குள் அலுமினாப் பொடியில் பார்க்க முடியாததை உறைகுளிரில் பார்ப்பது. மூலக்கூறுகள் பரப்பின் மேலாக நகர்வதாக 1960-ல் எழுதினார். 1964-ல் ஹாப்ஸும் மேசனும், இல்லை, ஆவியாகிப் போய்த்தான் படிகின்றன என்று மறுத்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்ப் பனியிடம் கேட்கவேண்டும் என்று தோன்றியதே, அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

பின்னாளில் பழங்காலப் பாண்டங்கள் பக்கம் திரும்பினார். 1575 வாக்கில் பிளாரன்ஸில் மெடிசி குடும்பம் சீனப் பீங்கானைப் போலச் செய்யப் பார்த்தது. அந்தப் பாண்டங்களை பமீலா வாண்டிவருடன் சேர்ந்து ஆராய்ந்தார். இருவருமாக 1986-ல் புத்தகமும் எழுதினார்கள். அதே வாண்டிவர் 1989-ல் வேறு சிலருடன் செக் நாட்டின் டோல்னி வெஸ்டோனிட்சே களிமண் உருவங்களைப் பற்றி எழுதினார். இருபத்தைந்தாயிரம் ஆண்டுகளுக்கும் பழையவை, சுடும்போதே வெப்ப அதிர்ச்சியால் வெடித்தவை, ஒருவேளை வேண்டுமென்றே வெடிக்க வைத்திருக்கலாம் என்பது அவர்கள் கட்சி. கிங்கரி 1955-ல் உலைப் பொருட்களுக்காகக் கணக்குப் போட்ட அதே வெப்ப அதிர்ச்சி!

அறுபது வயதைத் தாண்டி, எம்.ஐ.டி.யை விட்டு அரிசோனா பல்கலைக்கழகம் போனார். அங்கே மானிடவியல், பொருளறிவியல் இரண்டுக்கும் பேராசிரியர். 1999-ல் கியோட்டோ பரிசு. பரிசை நிறுவிய இனமோரியே செராமிக் கம்பெனி தொடங்கியவர்தான், கியோசெராவின் நிறுவனர். அடுத்த ஆண்டே கிங்கரி காலமானார்.

எல்லாம் சரி, அவருக்குக் காலமும் கைகொடுத்தது என்பதை மறைக்க மாட்டேன். போருக்குப் பிந்தைய அமெரிக்கா, அணு உலைக்கும் ராக்கெட்டுக்கும் வெப்பம் தாங்கும் பொருள் தேடி ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கொட்டிய காலம். பனி உருண்டையை அளக்க இன்று யார் நிதி தருவார்கள்? உன் மகள் ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்ற கணக்குக்குள்தான் வாழவேண்டியிருக்கும். அது தெரிந்தே போகட்டும்.

அவள் எடுத்திருக்கும் பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லித்தியம், லாந்தனம், சிர்கோனியம் சேர்ந்த, கார்னெட் என்ற படிக அமைப்புள்ள ஆக்சைடு என்று எழுதியிருந்தாய். 2007-ல் அதை வெளியிட்ட மூவர் முருகன், தங்கதுரை, வெப்னர். முருகன் நம் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்காரர். அதில் ஒரு வேடிக்கை உண்டு. லித்தியம் வேகமாக ஓடும் கனசதுர அமைப்பு நிலைத்து நிற்க, சுடப் பயன்படுத்திய அலுமினாக் கிண்ணத்திலிருந்து (குரூசிபிள்) பொருளுக்குள் ஏறிய அலுமினியமும் ஒரு காரணம் என்று பிற்பாடுதான் புரிந்தது. இன்னொரு பக்கம், ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால் லித்தியம் ஆவியாகிப் போய்விடுகிறது, சுடாவிட்டால் துளை மூடுவதில்லை. பார், எங்கே போனாலும் உலைக்குள் என்ன நடக்கிறது என்ற இடத்துக்குத்தான் வருகிறோம். அந்தப் பொருளோடு தன்னைக் கட்டிப்போடாமல் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டாள் என்றால், பேட்டரி போனாலும் அவளுக்கு வேலை இருக்கும்.

இங்கே என் செய்தி அதிகமில்லை. முழங்கால் வலி இருக்கிறது, மாடிப்படி ஏறுவதைக் குறைத்துவிட்டேன். பழைய இன்சுலேட்டர் தொழிற்சாலையில் இருந்து எப்போதாவது கூப்பிடுகிறார்கள், கிளேஸில், அதாவது மேலே பூசும் பளபளப்புப் பூச்சில், ஊசித்துளை விழுகிறது, சூளை அட்டவணையை வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று. போனால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, வீட்டில்தான் திட்டு விழுகிறது.

கிங்கரி புத்தகத்தின் என் பிரதி இன்னும் இருக்கிறது. அட்டை பிய்ந்துவிட்டது, பைண்டிங் போடக் கொடுத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மனசு வரவில்லை, பொங்கலுக்கு அங்கே வரும்போது மகளிடம் நேரில் கொடுக்கிறேன். அதற்கு முன்பே கிளம்புகிறாள் என்றால் தேதியை உடனே எழுது, நான் பயணத்தை மாற்றிக்கொள்கிறேன். உனக்குச் சர்க்கரை இப்போது எப்படி என்று நீ எழுதவே இல்லை. தங்கச்சியிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்