ஆண்டறிக்கை: சங்கப் படகுக்குப் புது எஞ்சின்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் பாய்மரப் படகுச் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பணிகள் குறித்த அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு 9 முறை கூடியது. புதிதாக 6 பேர் சேர்ந்தார்கள். தொடக்கநிலைப் பயிற்சி இரண்டு முறை நடந்தது. மூன்றாவதை நடத்தப் படகு இல்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். மீதி அறிக்கை முழுவதும் எஞ்சினைப் பற்றியதுதான். இந்த ஆண்டு அதற்கே போயிற்று.

பழைய எஞ்சின் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. கடல்நீரையே நேராக உள்ளே இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் பழைய வகை டீசல் எஞ்சின் அது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உப்புநீர் ஓடி ஓடி, வார்ப்பிரும்பு உள்ளிருந்தே அரித்துப்போயிருந்தது. புகைக்குழாயின் வளைவைக் கழற்றிப் பார்த்தபோது, கரியும் உப்பும் அடைத்துச் சுண்டுவிரல் நுழையும் துளைதான் மிச்சம். வெளிப்பக்கத்தில் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினேன், உள்ளே இறங்கிவிட்டது. அடுத்த மாதம் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தது. உள்ளே நீர் கலந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சிறப்புப் பொதுக்குழுவில் நடந்த விவாதம் பலருக்கும் நினைவிருக்கும். பழையதையே பிரித்துச் சரிசெய்யலாம் என்றவர்களின் பற்றை நான் மதிக்கிறேன். அந்த எஞ்சினில்தான் நம்மில் பாதிப் பேர் தொழில் கற்றோம். ஆனால் எஞ்சினின் உடலான பிளாக்கே அரித்த பிறகு புது பிஸ்டன் போட்டுப் பயனில்லை. அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், வெளியே தொங்கும் அவுட்போர்டு எஞ்சினை மாட்டலாம் என்ற யோசனையும் வந்தது. அலையில் படகின் பின்புறம் தூக்கும்போது அதன் புரொப்பலர் நீரைவிட்டு மேலே வந்து வெற்றாகச் சுற்றும் என்பதால் அதைக் கைவிட்டோம். நன்னீர் உள்ளே சுற்ற, கடல்நீர் அந்த நன்னீரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சரோடு நின்றுவிடும் புது டீசல் எஞ்சின் என்று முடிவாயிற்று.

எத்தனை குதிரைத்திறன் என்பதில் இன்னும் நீண்ட பேச்சு. நம் படகின் நீர்க்கோட்டு நீளம், அதாவது நீர்மட்டத்தில் அதன் நீளம், 25 அடி. அதன் வர்க்கமூலம் 5, அதை 1.34ஆல் பெருக்கினால் 6.7 நாட், அதாவது மணிக்கு 6.7 கடல் மைல்; அதுதான் படகின் உச்ச வேகம். இப்படிப்பட்ட கனத்த படகு எழுப்பும் அலையே அதற்கு மேல் அதைப் போகவிடாது. 40 குதிரைத்திறன் எஞ்சினை வைத்தாலும் அமரம் நீரில் அமிழுமே தவிர, வேகம் கூடாது. டன்னுக்குச் சுமார் 4 குதிரைத்திறன் என்ற வழக்கமான கணக்கில், நாலரை டன் படகுக்கு 18 வந்தது. 20இல் நிறுத்திக்கொண்டோம்.

கழற்றும் வேலையில் எங்களை மிகவும் சோதித்தது ஒரு சிறு பாகம்தான். புரொப்பலர் தண்டின் நுனியில் இருந்து அதைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் கப்ளிங் துருவேறி, தண்டோடு ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் துரு நீக்கும் எண்ணெய் விட்டும் அசையவில்லை. சுத்தியலால் அடிக்கக் கூடாது; அடி கியர்பாக்ஸின் பேரிங்குகளில் போய் விழும். மூத்த உறுப்பினர் ஒருவர் வழி சொன்னார். கப்ளிங்கையும் கியர்பாக்ஸ் தட்டையும் பிரித்து, நடுவில் தண்டின் முனைமேல் மட்டும் படும்படி ஒரு சிறு சாக்கெட்டை வைத்து, நீளமான போல்டுகளை எதிரெதிராகக் கால் சுற்றுக் கால் சுற்றாக முறுக்கினோம். ஏழாவதோ எட்டாவதோ முறுக்கில் ‘டக்’ என்று கப்ளிங் தண்டைவிட்டு விலகியது. அங்கிருந்த நால்வரும் மூச்சுவிட்டோம்.

ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், மேனிஃபோல்டு எல்லாவற்றையும் கழற்றி எடை குறைத்தோம். ஒவ்வொரு கம்பியிலும் சீட்டு ஒட்டிப் படம் எடுத்துக்கொண்டோம். பாயின் கிடைமரத்துக்கு அடியில் உறுதியான கட்டையை முட்டுக்கொடுத்து, செயின் பிளாக்கில் தூக்கி, அறைவாசல் வழியே மேல்தட்டுக்குக் கொண்டுவந்தோம். படகு கரையில் முட்டுகளின் மேல் நின்றதால் பாரத்தைப் பக்கவாட்டில் வீசவில்லை. அங்கிருந்து கிரேன் எடுத்துக்கொண்டது. இது அரை நாள் வேலை.

எஞ்சின் போன பிறகு தெரிந்த குழிதான் எங்கள் பதினோரு வார இறுதிகளை வாங்கியது. எஞ்சின் அமர்ந்திருந்த இரு நெடுங்கட்டைகளின் மேல் கண்ணாடியிழைப் பூச்சு நன்றாகத்தான் இருந்தது; தட்டினால் பொள்ளென்று ஒலித்தது. கீறிப் பார்த்தால் உள்ளே மரம் எண்ணெய் ஊறி, கையால் பிய்க்க வந்தது. படகின் அடிவயிற்றில் தேங்கியிருந்த எண்ணெய்க் கசடை ஒட்டுத்துணியால் ஒற்றி எடுத்து டப்பாவில் சேர்த்தோம்; ஒரு சொட்டும் கடலுக்குப் போகவில்லை. புது எஞ்சினின் கால்கள் பழையதைவிட நெருக்கமானவை. ஆகவே அதன் கால்களும் தண்டு உயரமும் அச்சாக வரும்படி ஒட்டுப்பலகையில் ஒரு மாதிரி செய்து, அதை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கடினமரமும் எப்பாக்சியும் கொண்டு புது மேடை எழுப்பினோம். இந்தப் பலகை எஞ்சினைக் கொட்டகையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒரு பிழையையும் பதிவு செய்ய வேண்டும். கரையிலேயே தண்டையும் எஞ்சினையும் நேர்படுத்தி, வேலை முடிந்ததாக நினைத்தோம். படகு நீரில் இறங்கியதும் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை வைத்துப் பார்த்தால், கப்ளிங்கின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 0.3 மில்லிமீட்டர் வித்தியாசம். முட்டுகளின் மேல் நிற்கும் படகின் உடல் ஒரு வடிவம். நீர் தாங்கும்போது வேறு வடிவம். நான்கு அங்குல கப்ளிங்குக்கு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரண்டு நாள் படகை நீரில் விட்டு, எஞ்சினைத் தாங்கும் நான்கு மவுண்டுகளின் நட்டுகளையும் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்தோம். மேல், கீழ், இடம், வலம் நான்கிலும் அந்த மெல்லிய தகடு ஒரே இழுவையோடு நுழைந்தபோது மணி இரவு எட்டு.

முதல் முறை எஞ்சினைக் கிளப்பும்போது டீசல் குழாயில் காற்று இருந்ததால் நெடுநேரம் சுற்ற வேண்டியிருந்தது. கடல்நீர் வால்வை மூடி வைக்கும்படி இளைய உறுப்பினர் ஒருவர் நினைவூட்டியது பெரிய உதவி. இல்லாவிட்டால் புகைப்பெட்டி நிரம்பி நீர் சிலிண்டருக்குள்ளேயே போயிருக்கும். கிளம்பிய நொடியில் வால்வைத் திறந்தார், கடல்நீரை இழுக்கும் பம்பின் இம்பெல்லர் காய்ந்து ஓடாமல் பிழைத்தது. முழு விசையில் எஞ்சின் தன் உச்சச் சுற்றை எட்டியது, கரும்புகை இல்லை. புரொப்பலரின் சாய்வு பொருந்திவிட்டது.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓட்டும் நேரத்தைத் தவறாமல் பதிவேட்டில் எழுதுங்கள். இன்றுவரை 31 மணி நேரம் ஆகியிருக்கிறது. 50ஆவது மணியில் முதல் எண்ணெய் மாற்றம், கூடவே கப்ளிங்கை மறுபடி அளக்க வேண்டும். அந்த இரண்டு வேலைகளுக்கும் கை கொடுக்க நால்வர் தேவை. பெயரை இன்றே என்னிடம் தாருங்கள். வார இறுதிகளைத் தந்த ஒவ்வொருவருக்கும், அவர்களை எங்களோடு விட்டுவைத்த குடும்பத்தாருக்கும் சங்கத்தின் நன்றி.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்