சேதுக்கரை இரவு நடைக்கும் விழுந்து கிடக்கும் சுமைதாங்கிக்கும் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வருகிற மாசிப் பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை இரவு, ராமநாதபுரம் அரண்மனை வாசலில் இருந்து திருப்புல்லாணி வழியாகச் சேதுக்கரைக் கடல் வரைக்கும் நடக்கப் போகிறோம். இது நான்காவது வருடம். முதல் வருடம் 19 பேர் வந்தோம், போன வருடம் 94 பேர். இந்த முறை 120 பேரோடு பெயர்ப் பதிவை நிறுத்திவிடுவோம். அதற்கு மேல் போனால் இருட்டில் தலை எண்ணி முடியாது.

இரவு நடை என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் "எந்த மலைக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். நம் கடற்கரைச் சீமையில் மலைக்கு எங்கே போவது? ராமேஸ்வரத்தில் ஒரு மணல்மேட்டுக்குக் கந்தமாதன பர்வதம் என்று பேர் வைத்து ஆசையைத் தீர்த்துக்கொண்டவர்கள் நாம். ஆனால் தூரத்தில் குறைச்சல் இல்லை. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நம்முடையதும் ஏறக்குறைய அவ்வளவுதான். மலைக்குப் பதில் கடைசியில் கடல் வரும்.

நம் பாதைக்கு வயசும் கொஞ்சம் இல்லை. சேதுவுக்குப் போகிறவர்களைக் கள்ளர் பயமில்லாமல் கொண்டு சேர்க்க வேண்டும் என்பதற்காகத்தான் 1605 வாக்கில் மதுரை நாயக்கர் இந்தச் சீமையைச் சடைக்கத் தேவரிடம் ஒப்படைத்தார். சேதுபதி என்ற பட்டத்துக்குள்ளேயே வழிக்காவல் வேலை இருக்கிறது. வடக்கே இருந்து வந்தவர்கள் தஞ்சாவூர்ச் சீமையைக் கடந்து வந்தார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம், கடலோரத்துச் சேதுபாவாசத்திரம் எல்லாம் அவர்கள் தங்கிச் சாப்பிட்ட இடங்கள். இங்கே ராமேஸ்வரம் தீவில் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று இரண்டு ஊர்களின் பேரிலேயே மடம் நிற்கிறது. 1902 இல் மண்டபத்துக்கு ரயில் வந்தது. 1914 இல் பாம்பன் பாலம் திறந்தது. அப்புறம் யார் நடப்பார்கள்? சத்திரத்து அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேதுக்கரைக்கு வருகிற கூட்டமும் இப்போது பஸ்ஸிலும் வேனிலும்தான் வருகிறது. இதே சாலையில் கீழக்கரை தாண்டி ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு நடந்து போனவர்களும் உண்டு. எங்கள் குழுவில் இரண்டு பேருடைய பாட்டிமார் அப்படி நடந்தவர்கள். ஒருவர் சேதுக்கரைக்கு, மற்றவர் ஏர்வாடிக்கு.

ஏன் இரவில் என்று கேட்பவர்கள், ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு இந்தப் பக்கம் நடந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும். பனைமரம் தருவது நிழலா, கோடா? அந்தக் காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு போனவர்களும் ராத்திரியில்தான் போனார்கள். அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டு வரும், வண்டிக்காரர் தூங்கிவிடுவார், மாட்டுக்கு வழி தெரியும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

சரி, பணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறோம்.

திருப்புல்லாணியைத் தாண்டிச் சேதுக்கரைக்குப் போகும் வழியில், தார்ச்சாலையை விட்டுச் சற்று விலகி, உடைமரங்களுக்கு நடுவில் ஒரு சுமைதாங்கி இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதை விட விழுந்து கிடக்கிறது என்பதே சரி. நட்டு வைத்த இரண்டு கால்களில் ஒன்று நிற்கிறது. மற்றொன்று மணலில் பாதி புதைந்துவிட்டது. மேலே கிடந்த ஆறடிக் குறுக்குக் கல் ஓரம் உடைந்து, முள்ளுக்குள் கிடக்கிறது. இரண்டாம் வருட நடையின்போது ஒதுங்கப் போன தம்பி ஒருவர் அதில் கால் இடித்துக்கொண்டுதான் கண்டுபிடித்தார். அது வரை நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம்.

இளைய பிள்ளைகளுக்குச் சுமைதாங்கி என்றால் பாட்டில் வருகிற ஒரு சொல் மட்டும்தான். தலைச்சுமையோடு தனியாக நடப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. சுமையை இறக்கத் தெரியும். திரும்ப ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும். உப்பு மூட்டையோ கருவாட்டுக் கூடையோ தரையில் வைத்துவிட்டால், அடுத்த வழிப்போக்கர் வரும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சுமைதாங்கியின் குறுக்குக் கல் தோள் உயரத்துக்கு நிற்கும். லேசாகக் குனிந்து தலையில் இருந்து சுமையை அப்படியே கல்லின் மேல் நகர்த்திவிட்டு, முதுகை நிமிர்த்தி, வியர்வை துடைத்து, தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பத் தலையைக் கொடுத்து இழுத்துக்கொள்ளலாம். யாரையும் கூப்பிட வேண்டாம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இப்படிக் கல் நடுவது தமிழ்நாடு முழுக்க இருந்த வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஈடாக, வழியில் போகிறவர்களின் சுமையை அந்தக் கல் வாங்கிக்கொள்ளும்.

நம் கல் யாருக்காக நட்டது என்று தெரியவில்லை. குறுக்குக் கல்லின் பக்கவாட்டில் எழுத்து இருக்கிறது. விரலால் தடவினால் "உபயம்" என்ற சொல் மட்டும் கிடைக்கிறது. யார் உபயம் என்பது உடைந்த ஓரத்தோடு போய்விட்டது. மலையே இல்லாத ஊருக்கு அந்தக் கருங்கல்லை எங்கிருந்தோ வண்டி கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். சின்னச் செலவாக இருந்திருக்காது.

அதை நிமிர்த்திக் கட்ட வேண்டும். இடத்துக்குப் பக்கத்து ஊரார் கூடிச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். எழுத்து மூலமான அனுமதியும் கையில் இருக்கிறது. கல்வேலை தெரிந்த ஸ்தபதி ஒருவர் வந்து பார்த்தார். உடைந்த ஓரத்தைப் புதுக் கல் வைத்து ஒட்ட வேண்டாம், உடைசலோடு நிற்கட்டும் என்றார். எங்களுக்கும் அதுதான் சரி என்று பட்டது. கிரேன் வாடகை, அடித்தளம், கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய்.

நடைக்கான செலவு தனி. ஒளிரும் மேல்சட்டை இந்த முறை கட்டாயம். கீழக்கரை ரோட்டில் ராத்திரியிலும் லாரி போகிறது. பழையதில் 40 நன்றாக இருக்கின்றன. புதிதாக 80 வேண்டும், ஒன்று 180 ரூபாய், ஆக 14,400. சுக்குமல்லிக் காபி, திருப்புல்லாணியில் புளியோதரை, விடிந்ததும் சேதுக்கரையில் இட்லி: 13,500. பின்னால் வருகிற வேனுக்கும் தண்ணீர் வண்டிக்கும் 9,000, ஆம்புலன்ஸுக்கு 6,000, மருந்துப் பெட்டிக்கு 2,500.

தண்ணீர் வண்டி என்றதும் போன வருடம் வந்தவர்கள் சிரிப்பார்கள். அப்போது நாங்கள் பேசி வைத்திருந்த லோடு ஆட்டோ, கேன்களோடு பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநரின் போனும் அணைந்துவிட்டது. திருப்புல்லாணிக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது கையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நடப்பவர்களில் எட்டு வயசுப் பிள்ளைகளும் இருந்தார்கள். தப்பு எங்களுடையது, ஒரே வண்டியை நம்பியிருக்கக் கூடாது. ரோட்டோரத்து வீடு ஒன்றில் சத்தம் கேட்டு விளக்குப் போட்ட அம்மா, "இந்நேரத்துல எங்கய்யா போறீக?" என்று கேட்டுக்கொண்டே கிணற்றில் வாளியை இறக்கிவிட்டார். நடுநிசியில் 94 பேர் குடித்து முடிக்கும் வரை அவர் மகனும் எங்கள் ஆட்களும் மாறி மாறி இறைத்தார்கள். அந்தப் பக்கத்தில் உப்புக் கரிக்காத கிணறு அமைவதே பெரிய விஷயம். காலையில் திரும்பும் வழியில் பணம் கொடுக்கப் போனோம். வாங்கவில்லை. "கயிறுதான் இத்துப் போச்சு" என்று மட்டும் சொன்னார். அதனால் இந்த வருடக் கணக்கில் கிணற்றுக் கயிறும் வாளியும் 600 ரூபாய் என்று ஒரு வரி இருக்கும். கணக்குப் பார்ப்பவர்கள் திகைக்க வேண்டாம்.

ஆக மொத்தம் 84,000. போன வருட மிச்சம் 22,000 கையில் இருக்கிறது. ஆளுக்கு 100 ரூபாய் பதிவுக் கட்டணத்தில் 12,000 வரும். மீதி 50,000 ரூபாயைத்தான் உங்களிடம் கேட்கிறோம். துபாயிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் வழக்கமாகப் பெரிய தொகையாகப் போட்டுவிடுகிறார்கள், நன்றி. ஆனால் இந்த முறை 50 ரூபாய், 100 ரூபாய் என்று உள்ளூரில் நிறையப் பேர் கொடுத்தால் எங்களுக்கு இன்னும் சந்தோஷம். பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் கருப்பட்டி, சுக்கு, டார்ச் லைட், ஒரு ராத்திரிக்கு வண்டி என்று எதுவும் கொடுக்கலாம். கல் தூக்கும் நாளில் உடம்பால் உதவ வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சோறு ஆக்க வேண்டும்.

நன்கொடையாளர் பெயரைக் கல்லில் வெட்டுவது பற்றிக் குழுவுக்குள் இரண்டு கூட்டம் சண்டை நடந்தது. பெயர் போட்டால் பணம் சீக்கிரம் சேரும் என்பது உண்மை. ஆனால் முதலில் நட்டவரின் பெயரே காணாமல் போன கல்லில் நம் பெயரை ஏற்றுவது பலருக்கு உறுத்தியது. கடைசியில், கல்லில் எதுவும் வெட்டுவதில்லை, பெயர்கள் ரசீதுப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் என்று முடிவானது. இதில் வருத்தம் உள்ளவர்கள் எங்களைத் திட்டலாம், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம்.

நடக்க வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. இரவு பத்தரைக்குக் கிளம்பினால் இரண்டு மணி வாக்கில் திருப்புல்லாணி. ஒன்றரை மணி நேரம் ஓய்வு. ஐந்து மணிக்குக் கடல். சக்கரக்கோட்டைக் கண்மாய் பறவைகள் சரணாலயம் என்பதால் அந்தப் பக்கம் பாட்டு, விசில், ஒலிபெருக்கி எதுவும் கிடையாது. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், ஆளுக்கொரு சொம்போ குடுவையோ எடுத்து வாருங்கள். சேதுக்கரையில் கடல் குளம் மாதிரி கிடக்கும். அதை நம்பி இருட்டில் யாரும் இறங்கக் கூடாது. வெளிச்சம் வந்த பிறகு, ஆஞ்சநேயர் கோயிலுக்கு முன்னால், எல்லோரும் சேர்ந்து இறங்கலாம்.

வங்கிக் கணக்கு எண்ணும் யுபிஐ விவரமும் ரசீதுப் புத்தகத்தின் அட்டையில் அச்சடித்திருக்கிறோம். ரசீது இல்லாமல் கேட்கிறவர் யாராக இருந்தாலும், எங்கள் குழு ஆளாகவே இருந்தாலும், கொடுக்க வேண்டாம். தை மாதக் கடைசிக்குள் கிடைத்தால் மாசி முதல் வாரத்தில் கிரேனுக்குச் சொல்லிவிடுவோம். நடந்து வரும்போது கல் நின்றுகொண்டிருந்தால், சுக்குமல்லிக் காபிப் பாத்திரத்தை இந்த முறை அதன் மேல்தான் வைப்பதாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
சேதுக்கரை இரவு நடைக் குழுவினர்