செழியனுக்கு, அந்த நூலக நிரல் விஷயமாக

அன்பு மகன் செழியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்குக் குரல் பதிவாகத்தான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனது. "பேசினால் பாதியை மறந்துவிடுவான், எழுதி அனுப்பு" என்றார் அப்பா. அவர் சொன்னதும் சரிதான்.

வார இறுதித் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எந்தக் கதைப்புத்தகத்தை எடுத்துப் போகிறார்கள், எப்போது திருப்பித் தருகிறார்கள் என்று குறித்துவைக்க ஒரு நிரல் வேண்டும். யாரோ கொடுத்த பழைய விண்டோஸ் லேப்டாப்பில் ஓட வேண்டும். மண்டபத்தில் இணையம் கிடையாது. இதற்கு ரஸ்ட் மொழி படிக்கலாமா, பைத்தான் மொழி போதுமா, எலக்ட்ரான் என்ற கருவியைத்தான் இப்போது எல்லாரும் போடுகிறார்களாமே என்று ஆளுக்கு ஒன்று சொல்லி உன்னைக் குழப்பியிருக்கிறார்கள். சொல்லத்தான் செய்வார்கள். அவர்களில் பலர் சம்பளத்துக்கு நிரல் எழுதுகிறவர்கள். அடுத்த வேலைக்கு எந்தப் பெயர் உதவும் என்று யோசிப்பது அவர்களுக்கு நியாயம். நீயோ பாலம் கட்டுகிறவன். பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் செய்யப்போகிறாய். அதனால் நீ கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: அந்த நேரத்துக்குள் இதை முடிக்க முடியுமா? முடித்தபின், நீ பக்கத்தில் இல்லாதபோது, வேறொருவர் கணினியில் பல வருடம் கழித்தும் அது திறக்குமா?

நம் சிங்கப்பூரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2015-இல், பிரதமராக இருந்தபோது, லீ சியன் லூங் தாம் எழுதிய சுடோகு நிரலை ஃபேஸ்புக்கில் போட்டாரே, நினைவிருக்கிறதா? சி பிளஸ் பிளஸ் மொழி. டாஸ் ஜன்னலில் கட்டத்தை வரி வரியாகத் தட்டச்சு செய்தால் விடையைக் கொடுக்கும். அழகு அலங்காரம் ஒன்றும் கிடையாது. பிள்ளைகளில் ஒருவர் ஹாஸ்கெல் மொழிப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னதாகவும், அது தம் ஓய்வுக்கால வாசிப்பு என்றும் ஒரு பேச்சில் சொல்லியிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆசைப்பட்ட மொழி ஒன்று, கையில் இருந்த மொழி ஒன்று. நிரலை எழுதியது கையில் இருந்த மொழியில்.

என் கதை உனக்குத் தெரியும். நீ தொடக்கப்பள்ளிக்குப் போன காலத்தில் ஜூரோங்கில் கப்பல் சாமான் விற்கும் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். சரக்கு இருப்புக்கு அங்கே விஷுவல் பேசிக் 6-இல் ஒரு நிரல் எழுதினேன். அது 1998-இல் வந்த பதிப்பு. பட்டனை இழுத்துப் போடு, இரண்டு முறை சொடுக்கு, உள்ளே நாலு வரி எழுது, முடிந்தது. நான் ஓய்வு பெறும்வரை அந்த நிரல் ஓடியது. விண்டோஸ் எத்தனையோ முறை மாறியது. அதன் முகம் மட்டும் அதே சாம்பல் நிறம். அந்த நிரல்கள் ஓடத் தேவையான கோப்புகளை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11 வரைக்கும் கூடவே கொண்டுவந்திருக்கிறது. அதற்காக நீயும் அதிலேயே எழுது என்று சொல்லமாட்டேன். எழுதும் கருவிக்கான ஆதரவு 2008-இலேயே நின்றுவிட்டது. அதைவிட, உன் வேலைக்கு அது உதவாது. அதன் எழுத்துப்பெட்டிகள், எல்லா மொழி எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு முறையை அறியாதவை. புத்தகத்தின் பெயரைத் தமிழில் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கும். விண்டோஸ் 2000-இலேயே லதா எழுத்துருவோடு தமிழ் வந்துவிட்டது. விஷுவல் பேசிக் 6-தான் பின்தங்கி நின்றது. அதற்கும் முன்னால், நம்ம எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கணியன் என்று தமிழுக்கு எழுத்துருவும் விசைப்பலகையும் செய்துகொண்டிருந்த தொண்ணூறுகளில், ஒருவர் அடித்த தமிழ் இன்னொருவர் திரையில் குப்பையாகத் தெரிவது சாதாரணம். இன்றைக்கு அந்தத் தலைவலி உனக்கு இல்லை.

சரி, என் பதில் இதுதான்: சி ஷார்ப் மொழி, அதில் ஜன்னலும் பட்டனும் அமைக்க விண்டோஸ் ஃபார்ம்ஸ்.

பழசு என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். விண்டோஸ் ஃபார்ம்ஸ் 2002-இல், சி ஷார்ப் நிரல்கள் ஓடும் தளமான டாட்நெட்டின் முதல் பதிப்போடு வந்தது. அதற்குப் பிறகு அதே திரை அமைக்கும் வேலைக்கு மைக்ரோசாஃப்ட் எதையெல்லாம் கொண்டுவந்தது, பார்: 2006-இல் டபிள்யூபிஎஃப், 2007-இல் சில்வர்லைட், விண்டோஸ் 8 வந்தபோது ஒன்று, விண்டோஸ் 10 வந்தபோது இன்னொன்று, அப்புறம் வின்யூஐ 3, 2022-இல் மாவுயி. ஒவ்வொன்று வரும்போதும் இனி இதுதான் எல்லாம் என்றுதான் சொன்னார்கள். சில்வர்லைட்டுக்கு 2021-இல் மூடுவிழா நடத்திவிட்டார்கள். நம் புளோக் கீழே உள்ள காப்பிக்கடையில் சோற்றுக்கடைகள் பலகை மாற்றிக்கொண்டே இருக்கும், காப்பி கலக்கும் கடை மட்டும் அப்படியே இருக்கும் இல்லையா, அப்படித்தான் இதுவும். 2018 கடைசியில் விண்டோஸ் ஃபார்ம்ஸின் மூலநிரலைத் திறந்தும் விட்டார்கள். புதிய டாட்நெட்டிலும் அது தொடர்கிறது.

இதில் ஓரிடத்தில் கவனமாக இரு. விஷுவல் ஸ்டூடியோ வேறு, விஷுவல் ஸ்டூடியோ கோடு வேறு. பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும். கோடு நல்ல எழுதுகருவிதான், ஆனால் பட்டனை இழுத்துப் போடும் வேலைக்கு அது ஆகாது. நீ இறக்க வேண்டியது விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி. 2014-இலிருந்து தனியாள்களுக்கு இலவசம். நிறுவும்போது வரும் நீண்ட பட்டியலில் டாட்நெட் டெஸ்க்டாப் என்பதை மட்டும் தேர்ந்தெடு. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால் உன் டிஸ்க் தாங்காது. புதிய திட்டம் தொடங்கும்போது விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்று இரண்டு வகை தெரியும். பெயரின் கடைசியில் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் என்று இருப்பதை எடு, அதுதான் பழைய டாட்நெட்.

ஏன் அதை எடுக்கச் சொல்கிறேன் என்றால், ஃப்ரேம்வொர்க் 4.8 விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்பிலிருந்து கணினியோடேயே வருகிறது. அதனால் உன் எக்ஸி கோப்பு, அதாவது சொடுக்கினால் ஓடும் கோப்பு, சின்னதாக இருக்கும், வேறு எதையும் நிறுவாமல் ஓடும். புதிய டாட்நெட்டில் எழுதினால் ஒன்று, அந்த லேப்டாப்பில் அது ஓடத் தேவையான ரன்டைம் கோப்புகளைத் தனியாகப் போட வேண்டும். அல்லது அதையும் நிரலோடு கட்டித் தர வேண்டும், அப்போது நூறு எம்பியைத் தாண்டிவிடும். அதோடு, நீண்டகால ஆதரவு என்று அவர்கள் சொல்லும் பதிப்புக்கே 3 வருடம்தான். 4.8 அப்படியல்ல, அது இருக்கும் விண்டோஸுக்கு ஆதரவு உள்ளவரை அதற்கும் உண்டு. சி ஷார்ப்பின் புதுப்புது வசதிகள் சில உனக்குக் கிடைக்காது. புத்தகம் எடுத்தவர் பெயரைக் குறித்துவைக்க அவை தேவையும் இல்லை.

தரவைச் சேமிக்க எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளம் போதும். 2000-இலிருந்து இருக்கிறது, யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை, 2050 வரை பராமரிக்கத் திட்டம் என்று அதைச் செய்பவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே கோப்புதான். நிரலை மூடிவிட்டு அந்தக் கோப்பை பென்டிரைவில் நகலெடுத்தால் காப்புப்பிரதி தயார். அங்கே உள்ள ஆசிரியருக்கும் சொல்லிக்கொடுப்பது சுலபம். ஒன்று மட்டும்: எஸ்கியூலைட்டுக்கான டிஎல்எல் என்ற துணைக்கோப்புகள் எக்ஸிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எக்ஸியை மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு போகாதே, ஃபோல்டரோடு எடுத்துப் போ.

தமிழுக்கென்று ஒரு சோதனை உண்டு. எந்தக் கருவியை எடுத்தாலும் முதல் நாளே செய்து பார்த்துவிடு. "கம்பன்", "கனி" என்று இரண்டு பெயர்களைப் போட்டு அகர வரிசையில் அடுக்கச் சொல். நம் அகராதியில் கம்பன் முதலில், கனி பிறகு. யூனிகோடு அட்டவணையில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்தே உட்கார்ந்திருப்பதால், வெறும் எண் வரிசையில் அடுக்கும் மொழிகள் கனியை முன்னால் வைத்துவிடும். எஸ்கியூலைட் தானாக அப்படித்தான் அடுக்கும், பைத்தானும் அப்படியே. சி ஷார்ப்பில் தமிழ் வழக்கப்படி ஒப்பிடு என்று கல்ச்சரை, அதாவது எந்த மொழியின் வழக்கம் என்பதை, குறிப்பிட்டு அடுக்க வழி இருக்கிறது. ஆகவே வரிசைப்படுத்தும் வேலையைத் தரவுத்தளத்திடம் விடாமல் நிரலுக்குள் வைத்துக்கொள். எழுத்தை எண்ணுவதிலும் இதே தொல்லைதான். "தமிழ்" என்பதன் நீளத்தைக் கேட்டால் 3 என்று சொல்லாது, 5 என்று சொல்லும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. பெயரின் முதல் எழுத்தை வெட்டி எடுக்கும் இடத்தில் இது உன்னைக் கடிக்கும்.

மற்றவை பற்றியும் கேட்டிருந்தாய். பைத்தானை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கும் படங்களுக்குப் பெயர் மாற்ற, எக்செல் பட்டியலைப் பிரிக்க எனக்கு இன்றைக்கும் அதுதான். ஆனால் அது உன் கணினியில் உட்கார்ந்து உனக்கு வேலை செய்யும் மொழி. இன்னொருவரிடம் கொடுக்க பைஇன்ஸ்டாலர் என்ற கருவியை வைத்து எக்ஸியாக மாற்றலாம். மாற்றினால் வைரஸ் தடுப்பு சில நேரம் அதைத் திருடனைப் போல நிறுத்திவைக்கும். மண்டபத்தில் நிற்கும் ஆசிரியருக்கு அதை யார் விளக்குவது? எலக்ட்ரானில் எழுதினால் ஒரு முழு குரோமியம் உலாவியையே மூட்டை கட்டிக் கொடுக்கிறாய்; அந்தப் பழைய லேப்டாப் பாவம். ரஸ்ட் அருமையான மொழி என்றுதான் சொல்கிறார்கள், படிக்க ஆசை இருந்தால் படி. இந்த நிரலை அதில் எழுதத் தொடங்கினால் உன் பிள்ளைகள் அந்த வகுப்பை முடித்துப் போய்விடுவார்கள்.

விஷுவல் ஸ்டூடியோவின் கனம் பிடிக்கவில்லை என்றால், அதேபோல் பட்டனை இழுத்துப் போட்டு நிரல் எழுதும் லசாரஸ் என்ற கருவியைப் பார். இதைப் பற்றி யாரும் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார்கள், எனக்கோ அதன்மேல் தனிப் பிரியம். ஃப்ரீ பாஸ்கல் மொழி, டெல்பி என்ற நிரல் எழுதும் கருவி மாதிரியே இருக்கும், முழுக்க இலவசம், பழைய கணினியிலும் விறுவிறு என்று திறக்கும். அது கொடுக்கும் எக்ஸிக்கு டாட்நெட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தமிழும் யூனிகோடில் ஒழுங்காக வரும். டெல்பிக்கும் இலவசப் பதிப்பு உண்டு, ஆனால் 5,000 அமெரிக்க டாலர் வருமான வரம்பு, உரிமத்தைப் புதுப்பிப்பது என்று நிபந்தனைகள். ஒரு வேடிக்கை என்னவென்றால், 1983-இல் டர்போ பாஸ்கல், 1995-இல் டெல்பி, பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் போய் சி ஷார்ப், எல்லாவற்றிலும் ஆன்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் என்ற ஒரே மனிதரின் கை. அதனால் எதில் தொடங்கினாலும் இன்னொன்றுக்கு மாறும்போது அந்நியமாக இருக்காது. லசாரஸில் எனக்குள்ள ஒரே தயக்கம், நீ சிக்கிக்கொண்டால் கேட்க ஆள் குறைவு. ஏஐ-யிடம் கேட்டாலும் சி ஷார்ப்புக்கு வரும் பதில் நேர்த்தியாக இருக்கிறது. லசாரஸ் என்றால் டெல்பியையும் கலந்து உளறுகிறது.

கடைசியாக, எந்த மொழியில் எழுதினாலும் ஒரு தொல்லை வரும். நீ அனுப்பிய எக்ஸியை அங்கே இறக்கித் திறந்தால் விண்டோஸ் ஒரு நீலப் பெட்டியைக் காட்டி, தெரியாத ஆளுடைய நிரல் என்று தடுக்கும். உன் நிரலில் கோளாறு ஒன்றும் இல்லை. கையெழுத்துச் சான்றிதழ் இல்லை, அவ்வளவுதான். அதை வாங்கினால் வருடா வருடம் நூற்றுக்கணக்கில் டாலர் போகும். தமிழ் வகுப்பு நூலகத்துக்கு இது தேவையா? வேண்டாம். பென்டிரைவில் நீயே கொண்டுபோய் வைத்து, ஒருமுறை திறந்து காட்டிவிட்டு வா. வேறு யாருக்காவது இணையத்தில் அனுப்ப வேண்டி வந்தால், மோர் இன்ஃபோ, பிறகு ரன் எனிவே என்று அழுத்தும் படத்தையும் சேர்த்து அனுப்பு.

தொடங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு விவரம் வேண்டும். அந்த லேப்டாப்பில் செட்டிங்ஸுக்குள் போய், சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று திறந்தால் விண்டோஸ் பதிப்பும் ரேமும் தெரியும். படம் எடுத்து அனுப்பு. விண்டோஸ் 10 என்றால் 2025 அக்டோபரோடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது, இணையத்தில் சேர்க்காமல் வைத்திருப்பதே நல்லது. 2019-க்கு முந்தைய பதிப்பு என்றால் 4.8-ஐ நீயே நிறுவ வேண்டியிருக்கும். ரேம் 4 ஜிபிக்குக் கீழே என்றால் மறுபேச்சு இல்லை, லசாரஸ்தான்.

மருமகளிடம் அப்பாவும் நானும் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா