அறிவிக்கப்படாத கருவிக்கு முற்பணம் வேண்டாம்: கொழும்பு கேம் கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பம்பலப்பிட்டி முதல் புறக்கோட்டை வரை கையடக்க கேம் கருவிகளை விற்றுவரும் வணிகப் பெருமக்களுக்கு,

வணக்கம். இன்னும் எந்த நிறுவனமும் அறிவிக்காத கருவிகளுக்கு, "அடுத்த வருடம் இந்த மாதம் வருகிறது, இப்போதிருப்பதைவிட இரண்டு மடங்கு வேகம்" என்று சொல்லி நகரின் சில கடைகளில் முற்பணம் பெறும் வழக்கம் பரவி வருவதால் இந்த மடலை எழுதுகிறேன். கருவிகள் பெரும்பாலும் துபாய், சிங்கப்பூர் வழியாக உங்கள் கைக்கு வந்த பின்னரே எங்கள் கைக்கு வருகின்றன. ஆகவே உயர்தரப் பரீட்சை முடித்த பிள்ளைக்குப் பரிசு தேடி வரும் ஒரு பெற்றோர், உங்கள் சொல்லை, கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் சொல்லாகவே எடுத்துக்கொள்கிறார். வருங்காலத்தைக் கணிப்பதை நான் குறை கூறவில்லை. காரணம் காட்டிக் கணியுங்கள், அது கணிப்பு என்று சொல்லிக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கையடக்கக் கருவியின் வலுவைப் பற்றிய எந்தக் கணிப்பும் பற்றரியில் தொடங்க வேண்டும். 2017 இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சின் பற்றரி ஏறத்தாழ 16 வாட்-மணி (16 வாட்டை ஒரு மணித்தியாலம் வழங்கும் அளவு) கொண்டது. 2025 இல் வந்த ஸ்விட்ச் 2 இன் பற்றரி ஏறத்தாழ 20 வாட்-மணி. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் நினைவகம் 4 கிகாபைட்டிலிருந்து 12 கிகாபைட்டாக, அதாவது மூன்று மடங்காக வளர்ந்தபோது, பற்றரி வளர்ந்தது கால்பங்கு மட்டுமே. ஸ்விட்ச் 2 குறைந்தது இரண்டு மணித்தியாலம் தாங்கும் என்று நிறுவனம் கூறுவதால், கடினமான விளையாட்டின்போதும் அது சுமார் 10 வாட்டுக்கு மேல் செலவிட முடியாது. நம் வீட்டு எல்ஈடி மின்குமிழ் ஒன்று எடுக்கும் அந்த அளவு மின்சாரத்தைத் திரை, நினைவகம், வைஃபை, சிப் எல்லாமே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சோனியின் பிஎஸ்பி 2004 இல் வெளிவந்தபோது 333 மெகாஹேர்ட்ஸ் வரை ஓடக்கூடிய அதன் சிப், விளையாட்டுகளில் 222 மெகாஹேர்ட்ஸுக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 2007 இல்தான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. சிப்பால் முடிவது ஒன்று, பற்றரி இடம் கொடுப்பது வேறொன்று.

அப்படியானால் முன்னேற்றம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி, சிப் வார்க்கப்படும் முறையிலிருந்து. முதல் ஸ்விட்சின் சிப் 20 நனோமீற்றர் முறையில் (இந்த எண் குறையக் குறைய சிப் சிக்கனமாகும்) செய்யப்பட்டது. 2019 இல் அதே சிப்பை 16 நனோமீற்றர் முறைக்கு மாற்றியதும், பற்றரியின் கொள்ளளவு மாறாமலே விளையாடும் நேரம் 2.5 முதல் 6.5 மணித்தியாலம் என்பதிலிருந்து 4.5 முதல் 9 மணித்தியாலம் ஆனது. அந்த மிச்சத்தை நிறுவனம் வேகமாக மாற்றாமல் நேரமாகத் தந்தது. இன்று ஒவ்வொரு புதிய வார்ப்பு முறையும் முன்னையதைவிட விலை கூடியதாகவும், தரும் பயன் குறைந்ததாகவும் இருப்பதால், "இரண்டு வருடத்தில் இரண்டு மடங்கு" என்ற பழைய கணக்கு இனிக் கையடக்கக் கருவிகளுக்குப் பொருந்தாது.

இங்கே டெராஃப்ளொப்ஸ் (ஒரு செக்கனில் சிப் செய்யக்கூடிய கணக்கீடுகளை இலட்சம் கோடிகளில் சொல்லும் எண்) பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். உங்கள் கண்ணாடிப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் விளம்பர அட்டைகளில் அதிகம் ஏமாற்றும் எண் அதுதான். 2022 இல் வந்த, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக்கின் எண் 1.6, 2023 இல் வந்த அசூஸ் ரொக் அலை கருவியில் உள்ள இசட்1 எக்ஸ்ட்ரீம் சிப்புக்கு அதை வடிவமைத்த ஏஎம்டி நிறுவனம் சொன்ன எண் 8.6. அட்டையை மட்டும் வாசிப்பவர் ஐந்து மடங்கு வித்தியாசம் என்று நினைப்பார். ஆனால் இரண்டையும் 15 வாட்டில் வைத்து ஒரே விளையாட்டை ஓட்டினால் வித்தியாசம் அதன் அருகில்கூட வராது. புதிய வடிவமைப்பு ஒரே நேரத்தில் இரண்டு கணக்கீடுகளைச் செய்யக்கூடியது என்பதால் காகிதத்தில் எண் இரட்டிப்பாகிறது. விளையாட்டுகளோ அந்த வசதியை எப்போதாவதுதான் முழுமையாகப் பயன்படுத்துகின்றன. அதைவிட முக்கியமான காரணம், செக்கனுக்கு ஸ்டீம் டெக்கின் நினைவகம் 88 கிகாபைட் தரவைத் தர, ரொக் அலையின் நினைவகம் தருவது ஏறத்தாழ 102 கிகாபைட் மட்டுமே என்பதாகும். சிப் எவ்வளவு விரைவாகக் கணக்கிட்டாலும் தரவு வந்து சேரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். இனி வரும் கருவி ஒன்றின் வலுவை ஒரே எண்ணால் மதிப்பிட வேண்டுமென்றால், நான் டெராஃப்ளொப்ஸை விட்டுவிட்டு நினைவகத்தின் இந்த வேகத்தைத்தான் கேட்பேன்.

நிறுவனத்தின் பழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நன்கு பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்துவதே நின்டெண்டோவின் கேம் போய்க்குப் பின்னாலிருந்த பொறியியலாளர் குன்பெய் யொக்கோயின் கொள்கை. 1989 இல் நிறமற்ற திரையோடும் நான்கு சிறு பற்றரிகளோடும் வந்த கேம் போய், ஆறு பற்றரிகளைச் சில மணித்தியாலங்களில் தீர்த்துவிட்ட, சேகா நிறுவனத்தின் வண்ணத்திரை கேம் கியரை விற்பனையில் வென்றது. நின்டெண்டோ அந்தப் பாதையை இன்றுவரை விடவில்லை. ஸ்விட்சின் டெக்ரா எக்ஸ்1 சிப்பை அதைத் தயாரித்த என்விடியா நிறுவனம் காட்டியது 2015 ஜனவரியில். கருவி வந்தது 2017 மார்ச்சில். ஸ்விட்ச் 2 இன் வரைகலைப் பகுதி 2020 இல் அறிமுகமான, என்விடியாவின் ஆம்பியர் வடிவமைப்பைச் சார்ந்தது. எனவே இன்றைய புத்தம் புதிய சிப்பைக் காட்டி அடுத்த நின்டெண்டோவை ஊகிப்பவர் பெரும்பாலும் பிழைவிடுவார். அசூஸுக்கு அதே முறை ஓரளவு பொருந்தும். 2023, 2024, 2025 என ஆண்டுதோறும் புதிய வடிவங்களை இறக்கிய நிறுவனம் அது. வால்வ் நிறுவனமோ ஆண்டுக்கு ஒன்று வெளியிடப்போவதில்லை என்றும், பற்றரி நேரத்தைப் பலிகொடுக்காத உண்மையான பாய்ச்சலுக்காகக் காத்திருப்பதாகவும் வெளிப்படையாகக் கூறியிருக்கிறது.

காலத்தைக் கணிப்பது வலுவைக் கணிப்பதைவிடக் கடினம். நின்டெண்டோவின் கேம் போய் அட்வான்ஸுக்கும் டிஎஸ்ஸுக்கும் இடையே நான்கு ஆண்டுகள்கூட இல்லை; ஸ்விட்சுக்கும் ஸ்விட்ச் 2 க்கும் இடையே எட்டு ஆண்டுகளுக்கு மேல். இவற்றின் சராசரியை வைத்துத் திகதி சொல்வதில் பொருளில்லை. 2021 மார்ச்சில் புளூம்பேர்க் செய்தி நிறுவனம், 7 அங்குல ஓஎல்இடி திரையும் தொலைக்காட்சியில் 4கே தெளிவும் கொண்ட ஸ்விட்ச் வருவதாக எழுதியது. ஜூலையில் நின்டெண்டோ அறிவித்த கருவியில் திரை சொன்னபடியே இருந்தது, 4கே இல்லை, சிப்பின் வேகமும் மாறவில்லை. ஸ்விட்ச் 2 உம் 2024 இறுதிக்குள் வந்துவிடும் என்று பரவலாகப் பேசப்பட்டது. உறுதியான முதல் அடையாளம் 2024 மே 7 அன்று வந்தது: 2025 மார்ச்சுடன் முடியும் நிதியாண்டுக்குள் புதிய கருவியை அறிவிப்போம் என்று நின்டெண்டோ தலைவர் ஷுன்தாரோ ஃபுருகாவா கூறினார். அறிவிப்பு 2025 ஜனவரி 16 இலும், விற்பனை ஜூன் 5 இலும் நடந்தன. அறிவித்த பிறகும் திகதி நழுவலாம்; ஸ்டீம் டெக் 2021 டிசம்பரில் வருவதாக இருந்து, உதிரிப்பாகத் தட்டுப்பாட்டால் 2022 பெப்ரவரி 25 க்குத் தள்ளிப்போனது.

அந்தக் காலம் இலங்கையர் எவருக்கும் மறக்கக்கூடியதல்ல. அன்று ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டு, மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. 399 டொலர் ஸ்டீம் டெக்கின் அடிப்படை விலை சுமார் 80,000 ரூபாயிலிருந்து 1,43,000 ரூபாயைத் தாண்டியது, கருவியில் ஓர் ஆணிகூட மாறாமல். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. 2025 இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்களை அள்ளிக்கொள்வதால் அவற்றின் விலை உலகெங்கும் ஏறியது. கலிபோர்னியாவில் இருப்பவர் திகதியையும் டொலர் விலையையும் கணித்தால் போதும். கொழும்பில் இருப்பவர் நாணயத்தையும் வரியையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். அறிவிக்கப்படாத ஒன்றுக்கு இன்று வாங்கும் முற்பணத்தில் இந்த இடர் முழுவதும் வாங்குபவரின் தலையில் விழுகிறது. அவரோ பலவேளைகளில் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்தவர்.

ஆகவே, நிறுவனம் தன் பெயரில் அறிவிக்கும் வரை எந்தக் கருவிக்கும் முற்பணம் பெறாதீர்கள். அறிவித்த பின் பெறும்போது, விற்பனை தள்ளிப்போனாலோ விலை குறித்த அளவைத் தாண்டினாலோ பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதுங்கள். காத்திருக்கலாமா என்று கேட்பவருக்கு ஒரு மாதத்தைச் சொல்லாமல் ஒரு காலவரம்பையும் அதற்கான காரணத்தையும் சொல்லுங்கள். என் கணிப்பையே உதாரணமாகத் தருகிறேன். ஸ்விட்ச் வந்து இரண்டு ஆண்டுகள் கடந்தபின் சிக்கனமான சிப்பும் நான்கு ஆண்டுகள் கடந்தபின் ஓஎல்இடி திரையும் வந்ததால், ஸ்விட்ச் 2 இன் திருத்திய வடிவம் 2027 க்கும் 2029 க்கும் இடையில் வரக்கூடும். வந்தாலும் விளையாட்டின் வேகம் அதிகரிக்காது, பற்றரி நேரமோ திரையோதான் மேம்படும். வேகத்துக்காகக் காத்திருப்பவருக்கு அந்தக் காத்திருப்பில் பயனில்லை என்று இன்றே சொல்லிவிடலாம்.

உங்கள் கடை ஊழியர்கள் இந்தக் கணக்குகளை அறிய விரும்பினால், ஒரு மாலை நேரத்தில் வந்து கட்டணமின்றி விளக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இவ்வண்ணம்,
இலத்திரனியல் ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை.