பத்து நிமிஷ வலை

மக்கா,

சுகமா? உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபப்படாதே, ஆனி ஆடியில் இங்கே கடல் எப்படிக் கிடக்கும் என்று நீரோடியில் பிறந்த உனக்குச் சொல்ல வேண்டுமா? அம்மாவுக்கு முட்டுவலி, மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம்.

அங்கே பிரிட்டனில் லைஃப்போட் என்கிற மீட்புப் படகு நிலையத்தைப் பார்த்துவிட்டு நீ எழுதியதை இன்ஜின் ரிப்பேருக்கு வந்த பயல்களுக்கும் வாசித்துக் காட்டினேன். பேஜர் அடித்ததும் பிளம்பரும் வாத்தியாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள், பத்தில் ஒருத்தர்தான் கடல்தொழில்காரர் என்ற இடத்தில் ஒருத்தனும் நம்பவில்லை. "கடல் தெரியாதவன் எப்பிடிடே போவான்?" என்றான் ஒருத்தன். பழக்கித்தான் அனுப்புகிறார்கள், பெரிய படகு கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துவிடும் என்றேன். அந்த மீட்பு வேலை முழுக்க 1824லிருந்து ஜனங்கள் கொடுக்கிற காசில் நடக்கிறது என்று சொன்னதும்தான் சத்தம் அடங்கியது.

போன மாதம் விடியற்காலையில், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கிற பொழியூர் வள்ளம் ஒன்று கரைக்குக் கொஞ்சம் வெளியே கவிழ்ந்துவிட்டது. மூன்று பேர். கரையிலிருந்து ஒருத்தன் உதவிக்குப் போன் போட்டால் எதிர்முனையில் முதல் கேள்வியே தமிழ்நாடா கேரளாவா என்பது. தண்ணியில் கோடா போட்டிருக்கிறது? பக்கத்தில் கிடந்தது என் தம்பியின் வள்ளம்தான், ஆனால் உள்ளே முந்தின நாள் இழுத்துப் போட்ட ஈரவலை, ஈயமும் மிதப்பும் ஒன்றோடொன்று சிக்கி மலை மாதிரி. அந்தப் பாரத்தோடு அலை தாண்ட முடியாது. நாலு பேர் சேர்ந்து இழுத்து மணலில் கொட்ட பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் கடலில் தலைகள் தெரிகின்றன, மறைகின்றன, நாங்கள் வலையைத் திட்டிக்கொண்டே இழுக்கிறோம். இரண்டு பேரைச் சட்டென்று தூக்கிவிட்டோம். மூன்றாவது ஆள் கவிழ்ந்த வள்ளத்தின் கயிற்றைப் பிடித்த பிடியை விடவில்லை, பிழைத்துவிட்டோம் என்பது கைக்குத் தெரியவில்லை போல, விரல் ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன். மூன்று பேரும் தப்பித்துக்கொண்டார்கள்.

தைரியத்துக்கு இங்கே என்ன பஞ்சம்? 2017 ஒக்கிப் புயலில் நம் பக்கத்து ஆட்கள் சொந்த வள்ளத்திலேயே தேடப் போனார்கள். 2018 கேரள வெள்ளத்தில் விழிஞ்ஞம்காரர்கள் வள்ளத்தை லாரியில் ஏற்றி செங்ஙன்னூர் வரை கொண்டு போனார்கள். எனக்குப் பொறாமையாக இருப்பது அங்கே நிற்கிற அந்தக் காலி லைஃப்போட்டைப் பார்த்துத்தான். வலை இல்லை, மீன் இல்லை, எண்ணெய் நிரப்பி, இதற்கென்றே நிற்கிறது.

அப்புறம் நீ எழுதியிருந்த அந்த இங்கிலாந்துக் கடற்கரை மவுசல் ஊர்க்கதை. 1981 டிசம்பர் 19 ராத்திரி, இன்ஜின் நின்றுபோன யூனியன் ஸ்டார் கப்பலில் இருந்தவர்களைக் காப்பாற்ற லைஃப்போட்டில் போன எட்டுப் பேரும் திரும்பவில்லை. கிளம்பும்போது படகுத் தலைவர் ஒரு பையனைக் கரையிலேயே நிறுத்திவிட்டாராமே, அப்பா ஏற்கனவே படகில் இருக்கிறார், இப்படி ஒரு ராத்திரியில் ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும் என்று. அதற்கு மேல் வாசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஒக்கியில் அப்பனும் மகன்களும் ஒன்றாகப் போன வீடுகளை நீயும் அறிவாய்.

கடைக்குப் பின்னால் ஒரு பழைய ஃபைபர் வள்ளம் கிடக்கிறது. அடிப்பக்கம் ஒட்டுப்போட்டால் ஓடும். அதை இதற்கென்று நிறுத்தி வைக்கலாமா என்று ஊர்க் கமிட்டியில் கேட்டேன். "நல்ல விஷயம்தான், எண்ணெய்க் காசு யாரு போடுவா?" என்றார்கள். எதிர்பார்த்ததுதான். ஒவ்வொரு வள்ளமும் ஒரு நாள் மீனில் ஒரு பங்கு தரட்டும் என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் கூடுகிறார்கள்.

நீ அங்கே கேட்டு எழுது: படகு திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்கிறார்கள், இன்ஜினை உப்பு போக எப்படிக் கழுவுகிறார்கள், சாவி யார் கையில் இருக்கும். சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாதே. டிசம்பர் 19க்கு மவுசலில் கிறிஸ்துமஸ் விளக்குகளை ஒரு மணி நேரம் மங்க வைப்பார்கள் என்று எழுதியிருந்தாயே, அன்றைக்கு லீவு கிடைத்தால் போய்விட்டு வா.

உன்,
பழைய கூட்டாளி