தோட்டத்து உறவுகளுக்கு ஒரு நன்றி மடல்

கோத்தகிரி

அன்புள்ள பெரியவர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

சென்னை ஐஐடியில் பட்டம் பெற்று நேற்று மாலை வீடு வந்து சேர்ந்தேன். அம்மா யார் துணையும் இல்லாமல் படியிறங்கி வந்ததைப் பார்த்த பிறகு, இந்த மடலை எழுதாமல் இருக்க முடியவில்லை. கடந்த ஆண்டு அம்மா கோவை மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபோது எங்கள் வீட்டில் நேர்ந்ததை உடனிருந்து பார்த்தவர்கள் நீங்கள். அதை மீண்டும் சொல்லத் தேவையில்லை. கோவைக்குத் துணைக்கு வந்தவர்கள், ரத்தம் கொடுத்த தம்பிகள், மகளிர் குழுவினர், விடுதி நண்பர்கள் என அனைவருக்கும் என் நன்றி.

பக்கத்து லயனில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் அக்கா செய்ததை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். மீண்டும் வேலைக்கு இறங்கிய அம்மாவுக்குக் கை பழைய வேகத்தில் ஓடவில்லை. எடை போடும் இடத்துக்கு வருமுன், அக்கா தன் கூடையிலிருந்து இரண்டு கை நிறையத் தேயிலைக் கொழுந்தை அள்ளி அம்மாவின் கூடையில் போட்டு, மேலாக உதறிவிட்டு, ஒன்றும் பேசாமல் முன்னே நடந்துவிடுவாராம். அதிகப்படிக் கிலோவுக்குத் தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பணத்தை அவர் இழந்ததை அம்மா நேற்றிரவுதான் சொன்னார். கண்டும் காணாதிருந்த மேஸ்திரி ஐயாவுக்கும் நன்றி. வருமானம் குறைந்த குடும்பம் என்பதால் கல்விக் கட்டணம் தள்ளுபடியானது உண்மைதான். ஆனால் என் மெஸ் செலவுக்கு வந்தது அந்தக் கூலிதான்.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து குடியேறிய என் தாத்தா, எந்த அலுவலகத்திலும் மேசைக்கு முன் நின்று ஒரு கேள்வி கேட்டதில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டுப் போன நானும் முதலாண்டு முழுவதும் வகுப்பில் வாய் திறக்கவில்லை. மான்கள் திரியும் அந்த வளாகத்தில், நதிகளின் பெயர் தாங்கிய விடுதிகளில், இரவெல்லாம் வாதாடிப் பழகிய பிறகே, பேராசிரியரிடம் எழுந்து நின்று "இது எனக்குப் புரியவில்லை" என்று சொல்லும் துணிவு வந்தது. வேலையும் சம்பளமும் அந்தப் படிப்பால் வந்தவையே என்றாலும், நான் அங்கே பெற்றவற்றுள் இந்தத் துணிவையே பெரிதாக எண்ணுகிறேன். மருத்துவமனையில் அம்மாவின் சிகிச்சை குறித்து மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அதுவே உதவியது.

நம் லயன் பிள்ளைகளில் ஐஐடியில் சேர்வதற்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுத விரும்பும் ஒவ்வொருவருக்கும், விண்ணப்பம் நிரப்புவது முதல் கலந்தாய்வில் இடம் தேர்வது வரை உடனிருப்பேன் என்று உறுதி கூறுகிறேன். அக்காவின் மகள் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். அவளுக்கான கணக்குப் பாடத்தை நாளை மாலை எங்கள் வீட்டில் தொடங்குகிறோம். மற்ற பிள்ளைகளையும் அனுப்பி வையுங்கள்.