நீர்மட்டத்தோடு கசிவையும் வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் தொடங்கிவிட்டால் தங்கள் நாளிதழில் அணைகளின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர்த்திறப்பு ஆகியவை நாள்தோறும் ஒரு சிறு கட்டத்தில் வெளியாகின்றன. பாசனத்தை நம்பியிருப்பவர்கள் காலையில் முதலில் தேடுவது அந்தக் கட்டத்தைத்தான். ஆனால் மண் அணைகளைப் பொறுத்தவரை அதில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. கரையின் கீழ்ப்புறத்தில், அதாவது நீர் தேங்காத மறுபக்கத்தில், வினாடிக்கு எத்தனை லிட்டர் நீர் கசிகிறது, அந்த நீர் தெளிந்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா என்ற தகவலே அது. அணைக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை நீர்மட்டம் சொல்லும்; அந்த நீரைத் தாங்கி நிற்கும் கரை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறியக் கசிவைப் பார்க்க வேண்டும். அதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கசிவு என்ற சொல்லைக் கேட்டதும் பலர் பதறிவிடுகிறார்கள். மண் அணை எதுவும் முற்றிலும் நீர் புகாததன்று. நடுவில் களிமண்ணை இறுக்கி அடித்தாலும் அதன் வழியே நீர் மெதுவாக ஊடுருவவே செய்யும். அந்த நீரை வழியிலேயே வாங்கி, மண்ணை மட்டும் உள்ளே நிறுத்திவிட்டு, அடிவாரத்து வடிகாலுக்குக் கொண்டுசேர்ப்பதற்காகவே களிமண்ணுக்குப் பின்னால் மணலும் சரளையும் கொண்ட வடிகட்டி அடுக்கு வைக்கப்படுகிறது. ஆகவே ஆண்டுக்கணக்கில் ஒரே அளவில், தெளிவாக, நீர்மட்டம் ஏறும்போது சற்றுக் கூடியும் இறங்கும்போது குறைந்தும் வருகிற கசிவு அணையின் இயல்பு. நீர்மட்டம் மாறாதிருக்கும்போது கசிவு கூடுவதும், தெளிந்த நீர் கலங்குவதும்தான் அஞ்ச வேண்டிய அறிகுறிகள். கலங்கல் என்றால் அணையின் மண் துகள் துகளாக வெளியேறுகிறது என்று பொருள். மண் வெளியேறுவதால் கீழ்ப்புறத்தில் உண்டாகும் சிறு பொந்து நீர்த்தேக்கத்தை நோக்கிப் பின்னோக்கி வளர்ந்து, ஒருநாள் அதைத் தொட்டுவிட்டால், அதன் பிறகு கிடைக்கும் அவகாசம் சில மணி நேரம்தான். மதகுக் குழாயை ஒட்டிய மண்ணில் இந்த அரிப்பு எளிதில் தொடங்கிவிடும். கல்லையோ கான்கிரீட்டையோ மண் சந்திக்கும் இடத்தில் இறுக்கம் முழுமையாக அமைவதில்லை. பழைய கரைகள் பலவற்றில் வடிகட்டி அடுக்கே கிடையாது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட டீட்டன் அணை 90 மீட்டருக்கும் அதிக உயரம் கொண்டது. 1976இல் முதன்முறையாக நீர் நிரப்பப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஜூன் 3ஆம் தேதி அணைக்குக் கீழே சில சிற்றூற்றுகள் காணப்பட்டன. அவற்றின் நீர் தெளிவாகவே இருந்தது. ஜூன் 5ஆம் தேதி காலை வலப்பக்க மலைச்சரிவை ஒட்டிக் கலங்கிய நீர் வருவது கண்டறியப்பட்டது. முற்பகலில் அந்த நீர் வந்த துளை பெரிதானதும் அதில் மண்ணைத் தள்ளி அடைக்க இரண்டு புல்டோசர்கள் அனுப்பப்பட்டன. அந்த இரண்டையுமே துளை விழுங்கிவிட்டது. நண்பகலுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது அணையின் முகடு சரிந்தது. உலகின் மிகத் தேர்ந்த அணைக்கட்டுப் பொறியாளர்களைக் கொண்டிருந்த ஒரு நாட்டில், பட்டப்பகலில், கண்ணெதிரே இது நடந்தது. ஆயினும் கலங்கல் நீரைக் காலையிலேயே கண்டுவிட்டதால் கீழேயிருந்த மக்களுக்கு எச்சரிக்கை விடுக்க முடிந்தது. பதினொருவரோடு உயிரிழப்பு நின்றது.

இலங்கையின் கந்தளாய்க் குளம் உடைந்தது பகலில் அன்று. 1986 ஏப்ரல் 20ஆம் தேதி அதிகாலை மூன்று மணியளவில், ஊர் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நூற்றாண்டுகள் பல கண்ட அந்தக் கரை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழைய அணை, இத்தனை காலம் நின்றுவிட்டது, இனி என்ன ஆகிவிடப் போகிறது என்ற பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கந்தளாய்தான் நினைவுக்கு வருகிறது.

பராமரிப்பாளர் ஒருவரின் காது ஊரையே காப்பாற்றியதும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பால்ட்வின் ஹில்ஸ் நீர்த்தேக்கத்தில் 1963 டிசம்பர் 14ஆம் தேதி முற்பகலில், குழாயில் வழக்கத்துக்கு மாறான நீரோட்டச் சத்தத்தைக் கேட்ட பராமரிப்பாளர் உடனே மேலிடத்துக்குத் தெரிவித்தார். பிற்பகலில் கரை உடைவதற்குள் கீழேயிருந்த குடியிருப்புகளில் பெரும்பாலானோர் வெளியேற்றப்பட்டுவிட்டனர். அந்தச் சத்தம் வழக்கமானதன்று என்று அவர் அறிந்ததற்குக் காரணம், வழக்கமான சத்தம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்ததுதான். நாள்தோறும் கரையில் நடக்கும் ஒருவர் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். அந்தப் பணியிடத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஆண்டுக்கொரு முறை வண்டியில் கரைமேல் சென்று திரும்பும் ஆய்வினால் பயனில்லை. ஆபத்து கரையின் மேலே இல்லை. கீழே, முள்ளும் புதரும் மண்டிக்கிடக்கும் அடிவாரத்தில் இருக்கிறது.

உடைந்த மண் அணைகளைத் தொகுத்து ஆராய்ந்த பொறியாளர்கள், ஏறத்தாழப் பாதி உடைப்புகளுக்கு, கசியும் நீர் கரைக்குள்ளிருந்து மண்ணை அரித்துச் செல்லும் இந்த உள்ளரிப்பே காரணம் என்று கண்டிருக்கிறார்கள். எஞ்சியவற்றில் பெரும்பாலானவை வெள்ளம் கரையை மேவி வழிந்ததால் உடைந்தவை. 1979 ஆகஸ்ட் 11ஆம் தேதி குஜராத்தின் மச்சு இரண்டாம் அணையில், கணித்ததைவிடப் பெருவெள்ளம் வந்தபோது, கல்லால் கட்டிய நடுப்பகுதி நின்றது. இருபுறமும் இருந்த மண் கரைகள் அடித்துச் செல்லப்பட்டு மோர்பி நகரம் மூழ்கியது. மண் கரையின் மேல் நீர் வழியவே கூடாது என்பதற்காகத்தான், மிகுதி நீர் வழிந்தோடும் கலிங்கும் அந்த நீர் செல்லும் மறுகாலும் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் நீர் நிற்கட்டுமே என்று கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குவதும், மீன் தப்பாதிருக்க வலை கட்டுவதும், மறுகால் போகும் வழியில் கட்டடம் எழுப்புவதும் அந்த ஒரே பாதுகாப்பையும் பறிக்கும் செயல்கள். தண்ணீர்ப் பற்றாக்குறையால் வாடும் உழவர் மூட்டை அடுக்குவதன் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சேமிக்கும் அரை அடி நீர், அலையைத் தாங்குவதற்கென்று கரையில் விடப்பட்ட உயரத்திலிருந்து எடுக்கப்பட்டது.

கசிவை அளக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. அடிவார வடிகால் முடியும் இடத்தில் ஒரு சிறு தொட்டி, அதன் வாயில் ‘வி’ வடிவில் வெட்டிய ஓர் உலோகப் பலகை, பக்கத்தில் ஓர் அளவுகோல் இருந்தால் போதும். வெட்டின் கோணம் 90 பாகையானால், 5 சென்டிமீட்டர் உயரத்தில் வழியும் நீர் வினாடிக்கு முக்கால் லிட்டர் அளவு. 10 சென்டிமீட்டர் ஆனால் அது நாலரை லிட்டரை நெருங்கிவிடும். உயரம் இரட்டிப்பாகும்போது அளவு ஐந்து மடங்குக்கு மேல் கூடுவதால், சிறு மாற்றம்கூடக் கண்ணுக்குத் தப்பாது. தொட்டியின் அடியில் வண்டல் படிகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். இத்தகைய தொட்டிகள் ஏற்கெனவே உள்ள அணைகளிலும், சில இடங்களில் அவை புல் மூடிக் கிடக்கின்றன. வேறு சில இடங்களில் பதிவேட்டில் மாதக்கணக்கில் ஒரே எண் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டில் எது அதிக ஆபத்து என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு நடத்த வேண்டும் என்கிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான் பொருந்தும். அதற்கும் தாழ்ந்த எண்ணற்ற பாசனக் கரைகள் அந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. அவற்றின் கீழும் வீடுகள் இருக்கின்றன.

கசிவு எண்ணை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்று அலுவலர்கள் சிலர் கருதலாம். நீர்மட்டம் உச்சத்தை எட்டும்போது அதை வெளியிடுகிறோம். யாரும் பீதியடைவதில்லை, ஏனென்றால் பல ஆண்டுகளாகப் படித்துப் பழகிவிட்டோம். கசிவையும் நல்ல நாளிலிருந்தே படித்துவந்தால் இயல்பு எது, மாற்றம் எது என்று கீழே வாழ்பவர்களுக்கே தெரிந்துவிடும். தினமும் வெளியிட இயலாவிட்டால், நீர்மட்டம் கொள்ளளவை நெருங்கும் வாரங்களிலாவது வெளியிடலாம்.

அத்துடன் ஒரு வேண்டுகோள். அணை நிரம்பியதும் தங்கள் புகைப்படக்காரர்கள் கரைமேல் நின்று கடல்போல விரிந்த நீரைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் படங்கள் எங்களுக்கும் மகிழ்ச்சி தருகின்றன. அடுத்த முறை அவர்கள் மறுபுறச் சரிவில் இறங்கி, அடிவாரத்து அளவுத் தொட்டியையும் ஒரு படம் எடுத்து வரட்டும். அங்கே தொட்டியே இல்லையென்றால், அதைச் செய்தியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்